மதினியின் நாற்பத்திரண்டரை கிலோ

முத்துக்கனி மதினி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் வரை, அவள் என்ன எடை இருப்பாள் என்று யாரும் கேட்டதில்லை. கடலோரத் திரேஸ்புரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பம் நாங்கள். அரிசி, கருப்பட்டி, வலைக்கயிறு என்று நாள் முழுக்க எதையாவது நிறுத்துக்கொண்டே இருப்போம். மனிதர்களை நிறுத்துப் பார்க்கத் தோன்றியதில்லை. 1975ஆம் வருஷம் ஆடி மாதம், மதினிக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, மூன்று தெரு தள்ளியிருந்த பிரசவ நிலையத்தில் நர்ஸ் அற்புதமணி அவளை எடை மெஷினில் ஏறி நிற்கச் சொன்னார். முள் முப்பத்தொன்பதில் நின்றது.

நர்ஸம்மா கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "முப்பத்தொன்பதா? புள்ளையும் சேத்தா?"

"புள்ளைய வீட்டுலயா விட்டுட்டு வருவாவ?" என்றாள் மதினி. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

கூடப் போயிருந்தவள் நான், அவள் புருஷனின் தங்கை. பி.எஸ்ஸி. முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். சாகுபுரம் ரசாயன ஆலையில் லேபுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டிருந்தேன், பதில் வரவில்லை. வீட்டில் எனக்கென்று ஒரு வேலையும் இல்லை. அதனால் மதினியின் எடையை என் வேலையாக எடுத்துக்கொண்டேன். அது அவளுக்காகவா, எனக்காகவா என்று கேட்டால் இன்றைக்கும் சட்டென்று பதில் சொல்ல வராது.

மதினிக்கு உடன்குடிப் பக்கம் ஊர். பதநீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தேரிச் செம்மணலில் ஓடி வளர்ந்தவள். முதல் நான்கு மாதம் தண்ணீர் குடித்தால்கூட வாந்தி எடுத்தாள். அது நின்ற பிறகாவது உடம்பு ஏறும் என்று நினைத்தோம். ஏறவில்லை. அம்மா உளுந்தங்களி கிண்டினாள், நல்லெண்ணெயில் முட்டை உடைத்து ஊற்றினாள், பக்கத்தில் உட்கார்ந்து ஏசினாள்.

"கடைக்காரன் பொண்டாட்டி காஞ்ச நெத்திலி மாதிரி திரிஞ்சா ஊரு என்ன சொல்லும்? மாமியாக்காரி அரிசிப் பானையப் பூட்டி வச்சிருக்கான்னு சொல்லும்."

"சொல்லட்டும் அத்தே. எனக்கும் ஒரு சாவி குடுத்திருங்க" என்பாள் மதினி. தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டால் குமட்டுகிறது என்று சொல்வாள். காலித் தட்டோடு திரும்பி வருவாள்.

ஆறாம் மாதமும் அதே முப்பத்தொன்பது. நர்ஸம்மா பேனாவை மூடி வைத்தார்.

"இங்க பாரு முத்துக்கனி. ரெண்டு வாரம் தாரேன். ஒரு கிலோவாவது ஏறியிருக்கணும். இல்லன்னா சீட்டு எழுதிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருவேன். பெறுத வரைக்கும் அங்கனதான் படுக்கணும்."

மதினி எடை எழுதிய அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். புதுத்துறைமுகத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு போன லாரிகள் புழுதி கிளப்பிய ரோட்டில், முந்தானையை மூக்கில் வைத்தபடி என்னை முந்திக்கொண்டு வீடு வரை நடந்தாள். முரண்டு பிடிக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துத் தனியாகப் போய்விட்டு வந்தாள். அட்டையில் நாற்பதரை என்று எழுதியிருந்தது. அதற்கடுத்த முறை நாற்பத்திரண்டு. நான் காலேஜில் மிச்சமிருந்த கிராஃப் தாளை எடுத்து, கீழே தேதியும் பக்கவாட்டில் கிலோவும் எழுதி, புள்ளி வைத்துக் கோடு போட்டு அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். என் அண்ணன் சிவனாண்டி வந்து பார்த்துவிட்டு, "படிக்க வச்சது வீண் போவல" என்றான். அம்மாவுக்கு அந்தத் தாள் என்னவென்று புரியவில்லை. கோடு மேலே போகிறது என்பது மட்டும் புரிந்தது, அதற்கே கும்பிட்டாள்.

வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல்கள் மதினி கையைத் தூக்கினால் முழங்கை வரை ஓடின. கழுத்தெலும்பு இரண்டும் தனியாகத் தெரிந்தன. கோடும் ஏறியது, வளையலும் ஏறியது. இரண்டையும் பார்த்த நான் கோட்டைத்தான் நம்பினேன்.

ஐப்பசி முதல் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை எடைக்கல்லுக்கு முத்திரை போடும் நாள் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை கடைக்காரர்கள் தராசையும் கற்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போய் அதிகாரியிடம் காட்டி, கல்லின் அடியில் முத்திரை அடித்து வாங்கி வர வேண்டும். ஒரு கல் குறைந்தாலும் அன்றைக்குக் காரியம் நடக்காது. எங்களிடம் இரண்டு செட் உண்டு. ஒன்று கடையில் இருக்கும். இன்னொன்று உள்ளறையில், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில். மதினி பிரசவ நிலையத்துக்குக் கிளம்பிப் போய் அரை மணி நேரம் ஆன பிறகு, அண்ணன் உள்ளறையிலிருந்து கத்தினான்.

"ரெண்டு கிலோக் கல்லையும் அரைக் கிலோக் கல்லையும் காணும்! யாருளா எடுத்தது?"

அம்மா எடுக்கவில்லை. நான் எடுக்கவில்லை. அண்ணன் கடைக்கு வந்து, பருப்பு வாங்க நின்றிருந்த மீன்காரம்மாவை ஒரு பார்வை பார்த்தான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி பாக்கியரு? ஒம்ம எடக்கல்ல எடுத்துட்டுப் போயி நான் என்ன, கொழம்பா வைக்க?"

"யாரச் சொன்னேன் நான்?"

"வாயால சொல்லல. கண்ணால சொன்னீரு. கல்லுக்குக் காவலு போடுததுக்கு முன்னால அரிசில கெடக்க கல்லப் பொறுக்கும்." பருப்பு வாங்காமலே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அண்ணன் மூட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மதினி பின்பக்கமாக வீட்டுக்குள் வருவது எனக்குத் தெரிந்தது. கல்லைப் பற்றி அவளிடம் கேட்கலாம் என்று போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நின்று, சேலைக் கொசுவத்துக்குள் கையை விட்டு எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துணிப்பை வெளியே வந்தது. அதற்குள்ளிருந்து இரண்டு கிலோக் கல்லை எடுத்துத் துவைகல்லின் மேல் வைத்தாள். பிறகு அரைக் கிலோவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். பைக்கட்டு அழுத்திய இடத்தைத் தடவிக்கொண்டே திரும்பியவள் என்னைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

"நாப்பத்திரண்டரைன்னு எழுதியிருக்காவ" என்று அட்டையை நீட்டினாள். "ஒன் படத்துல போட்டுக்கோ."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பயமெல்லாம் பிறகுதான். "அப்போ நாற்பதுதானா? இத்தன மாசத்துல ஒரே ஒரு கிலோவா? ஏன் மதினி?"

"பெரியாஸ்பத்திரிக்கு நான் போவ மாட்டேன்."

"போனா செத்தா போவோம்?"

"சீனித்தாய் போனா."

சீனித்தாய் அவளுடைய அக்கா. பிரசவத்தில் இறந்துபோனாள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் முழுவதும் சொன்னாள். அடுக்களைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், வேகமாகச் சொன்னாள்.

"என்னைய மாதிரி இல்ல, நல்லா உருண்டு திரண்டு இருப்பா. மாசமா இருக்கான்னு ஆளாளுக்கு ஊட்டுனாவ. வலி வந்து ரெண்டு நாளு கெடந்தா. புள்ள வரல. கை மட்டும் வெளிய வந்துது. சின்னக் கை, அஞ்சு வெரலும் விரிஞ்சு. வண்டி கட்டிக் கொண்டு போனோம். போன வண்டியிலேயே ரெண்டு பேரையும் திருப்பிக் கொண்டு வந்தோம். ஊருல எல்லாப் பொம்பளையும் சொன்னாளுவ, தின்னு தின்னு புள்ள பெருத்துட்டு, வழி கொள்ளலன்னு. எனக்கு அது வேண்டாம். என் புள்ள சின்னதா இருக்கட்டும். சின்னதா இருந்தா வழுக்கிட்டு வந்துரும்."

"அப்போ அம்மா குடுத்த களி, முட்டை?"

"பக்கத்து வீட்டு ஆட்டப் பாத்தியா? செனை இல்லாமலே வயித்தத் தள்ளிட்டு நிக்கி." லேசாகச் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

நான் படித்ததையெல்லாம் சொன்னேன். புரதம், சுண்ணாம்புச் சத்து, ரத்தத்தில் இரும்பு. சொல்லச் சொல்ல எனக்கே அது பரீட்சை எழுதுவதுபோல இருந்தது. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஒன் புஸ்தகத்துல சீனித்தாய் இருக்காளா?" என்றாள் கடைசியில்.

பிறகு என் வலது கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். "திருச்செந்தூரான் மேல சத்தியம் பண்ணு. யார்ட்டயும் சொல்லக் கூடாது. அண்ணன்ட்ட, அத்தைட்ட, அந்த நர்ஸம்மாட்ட."

பண்ணினேன்.

கற்களை உள்ளறையில் மூட்டைக்குப் பின்னால் வைத்தது நான்தான். சாயங்காலம் அண்ணன் அவற்றைக் கண்டெடுத்தான். "எலி ரெண்டு கிலோக் கல்லத் தூக்கிட்டுப் போயிட்டு, மனசு மாறித் திருப்பிக் கொண்டாந்து வச்சிருக்கு" என்று புலம்பினான். மதினி அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "படிச்ச எலியா இருக்கும்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

அதன்பிறகு எட்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சாப்பிடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்காக நாலு வாய் தின்றாள். மிச்சத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இராத்திரி அவள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டால் நானும் எழுந்து உட்கார்ந்துகொண்டேன். ஏன் சொல்லாமல் இருந்தேன்? சத்தியத்துக்குப் பயந்தா? சத்தியமெல்லாம் மூடநம்பிக்கை என்று காலேஜ் விடுதியில் வாதாடியவள் நான். மதினி கெஞ்சியதற்காகவா? அதுவும் கொஞ்சம் உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப நினைத்தபோது என்னைத் தடுத்தது அடுக்களைச் சுவரில் ஒட்டியிருந்த தாள். சொன்னால், ஒரு பி.எஸ்ஸி. இரண்டு மாதமாக இரும்புக் கல்லுக்குக் கோடு போட்டாள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இதை எழுதுவதற்கே இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மதினி கிணற்றடியில் வாளியை இறக்கியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. நான் ஓடிப் பிடித்தபோது என் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள்.

"ஏளா புஷ்பம், காலையிலருந்து அசையவே இல்ல."

அம்மாவைக் கூப்பிட்டு அவளை உள்ளே படுக்க வைக்கச் சொல்லிவிட்டு, செருப்புப் போடாமல் ஓடினேன்.

நர்ஸம்மா சாப்பிட உட்கார்ந்திருந்தார். கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். மூன்று தெரு நடப்பதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"ரெண்டரைக் கிலோவா?" நடுத்தெருவில் நின்றுவிட்டார். "என் கண்ணு முன்னாலயா? மாதாவே, நான் அவ கையக்கூடப் பாக்காம முள்ளையில்லா பாத்துட்டு இருந்திருக்கேன்." என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நடையை மட்டும் வேகமாக்கினார்.

வாசலில் நர்ஸம்மாவைப் பார்த்ததும் மதினி என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தைரியமில்லை.

நர்ஸம்மா தரையில் மண்டியிட்டு, அலுமினியக் குழலை மதினியின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதைக் கொடுத்தார். அம்மாவைப் பார்த்து மூச்சுவிடாதே என்பதுபோலக் கையைக் காட்டினார். இடது பக்கம் கேட்டார். குழலை நகர்த்தினார். தொப்புளுக்குக் கீழே கேட்டார். கடையில் அண்ணன் யாருக்கோ அரிசியைக் கொட்டுகிற சத்தம் வந்தது. "அந்தத் தராச நிறுத்தச் சொல்லு" என்றார். நான் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வருவதற்குள் குழல் மூன்றாவது இடத்துக்குப் போயிருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு இடது கைக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். உதடுகள் எண்ணின.

"இருக்கு" என்றார். "மெதுவா அடிக்கி. ஆனா இருக்கு."

கருப்பட்டித் தண்ணீர் கரைக்கச் சொல்லி, மதினியின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு செம்பு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். மதினி குடித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. கால் மணி நேரம் கழித்து அவள் விலாப் பக்கம் ஒரு சின்ன மேடு எழுந்து அடங்கியது. அதைப் பார்த்துவிட்டு அம்மா வாயில் துணியை வைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் நர்ஸம்மா கேட்டார். "ஒங்க அக்காவுக்கு என்ன நடந்துது? நீ சொல்லு. இந்தப் புள்ள சொல்லிட்டு. ஒன் வாயால கேக்கணும்."

மதினி முழுவதும் சொன்னாள். கை வெளியே வந்தது என்று சொன்ன இடத்தில் நர்ஸம்மா நிறுத்தினார்.

"எது மொதல்ல வந்துது?"

"கை."

"தலை?"

"வரவே இல்ல."

"அப்படின்னா புள்ள குறுக்கே கெடந்திருக்கு. வாசல் வழியா ஏணியக் குறுக்க வச்சு இழுத்தா வருமா? சின்ன ஏணின்னா மட்டும் வருமா? குறுக்கே கெடந்தா எலிக்குஞ்சு கணக்கா இருந்தாலும் வராது முத்துக்கனி. அதுக்கும் ஒங்க அக்கா தின்ன சோத்துக்கும் என்ன இருக்கு? பாவம், தின்னான்னு அவ மேலயே பழியப் போட்டுட்டாவளே."

மதினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மா அவள் கையைப் பிடித்து, அடிவயிற்றில் எலும்புக்குச் சற்று மேலே அழுத்தி வைத்தார்.

"இந்தா, உருண்டையா கெட்டியா இருக்கா? இதான் தலை. கீழ பாத்துக் கெடக்கு. நல்லாத் தொட்டுப் பாரு. இனிமே எங்க போவுதுன்னு நீயே பாரு. நானும் வாரா வாரம் பாப்பேன்."

அந்தக் கையைப் பற்றி எட்டு நாளைக்கு முன்னாலேயே காதால் கேட்டவள் நான். அது ஏன் முதலில் வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. புரதத்தைப் பற்றிப் பேசினேன்.

நர்ஸம்மா பெரியாஸ்பத்திரிச் சீட்டை எழுதிவிட்டார். அதைக் கொடுக்காமல் தன் பையில் வைத்துக்கொண்டார். "பத்து நாளு. மத்தியானச் சோறு என் கண்ணு முன்னால. பத்து நாள்ல உடம்பு ஏறலன்னா நானே பஸ்ல கூட வந்து சேத்துட்டு, பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"எங்க வீட்டுச் சோத்தக் கொண்டுட்டுப் போயி ஊரான் எடத்துல வச்சா திங்கணும்?" என்று அம்மா சண்டைக்குக் கிளம்பினாள்.

"ஒங்க வீட்டுல வச்சா ஆடுல்லா திங்கி" என்றார் நர்ஸம்மா.

மறுநாள் முதல் தூக்குச்சட்டியோடு நான் முன்னால் போக, மதினி பத்தடி பின்னால் வந்தாள். என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். நான் சோறு எடுத்து வைத்தால், தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். பயம் முழுவதும் போய்விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு நாளும் கை கழுவியதும் அடிவயிற்றை அழுத்தித் தலை அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால்தான் மறுவேளை சாப்பிடுவாள். எடை பார்க்கும் முன் நர்ஸம்மா, "இடுப்ப உதறு, கடைச் சாமான் எதுவும் விழுதான்னு பாப்போம்" என்பார். மதினி சிரிக்காமல் உதறுவாள். பத்தாம் நாள் நாற்பத்தொன்று. சீட்டு பையிலேயே இருந்தது. கார்த்திகை பாதியில் நாற்பத்து மூன்று. சுவரிலிருந்த தாளை நான் கிழித்துப்போட்டதை யாரும் கவனிக்கவில்லை.

மூன்று வாரம் முன்னதாகவே, மழை கொட்டிய ஒரு காலையில் பனிக்குடம் உடைந்தது. பதினோரு மணி நேரம். அண்ணன் கடையைச் சாத்திவிட்டுப் பிரசவ நிலையத்துத் தாழ்வாரத்தில் நனைந்துகொண்டே நின்றான். கதவுக்கு உள்ளேயிருந்து மதினியின் சத்தம் கேட்டது. "எது வருது? நர்ஸம்மா, எது வருது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். "தலைதான். தலைதான். முக்கு" என்ற பதிலும் கேட்டது. சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் பிறந்தது. ஒன்றே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.

"இன்னும் ஒரு கால் கிலோ இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்றார் நர்ஸம்மா. பஞ்சில் பொதிந்த பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பில்லை. மதினியின் பாலைப் பீய்ச்சிச் சங்கில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டோம். மூன்று நாள் அப்படி. கால் கிலோவில் அந்த எட்டு நாளின் பங்கு எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். அது போட முடியாத கணக்கு என்று தெரிந்தும் போட்டேன்.

நான்காம் நாள் காலை பிள்ளை தானாக வாய் வைத்து உறிஞ்சியது. மதினி வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஈரத்துணிகளை எடுத்துக்கொண்டு வெளியே போகப் புறப்பட்டபோது, ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கூப்பிட்டாள்.

"ஏளா, இங்கன வா."

போய் நின்றேன்.

"சத்தியத்த மீறுனவ நீ. அந்தக் கோவம் எனக்கு அப்படியேதான் இருக்கு."

"சரி மதினி."

"இவளுக்குப் பால் பத்தாது போல இருக்கு. கரைக்குப் போயி பால்சுறா வாங்கிட்டு வா. அத்தையப் புட்டு அவிக்கச் சொல்லு. எனக்குப் பசிக்கி." நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து மறுபடி சத்தம் கொடுத்தாள். "நெறைய வாங்கு. நாலு பேருக்குப் பங்கு வச்சிராத. எல்லாம் எனக்குத்தான்."

மழை இன்னும் விடவில்லை. கடலுக்குப் போன வள்ளங்கள் ஒன்றிரண்டுதான் திரும்பியிருந்தன. மீன்காரம்மா இரண்டு சுறாவைத் தூக்கிக் காட்டி, எது வேண்டும் என்று கேட்டாள். இரண்டையும் என்றேன்.